படையலில் முயல்கறி இல்லாததற்குக் காரணம்

அன்பு மாப்ள ரெங்கு,

இன்றைக்கு உன் படையலில் முயல்கறி இல்லை. நீ கவனித்திருப்பாய், கவனிக்காமல் விடுகிற ஆளா நீ? இலை முன்னால் விழுந்து கும்பிடும்போதே எனக்கு முதுகு குறுகுறுத்தது. "ஏன்டா, செத்து ஒரு வருசம்தான் ஆவுது, அதுக்குள்ள கறிய நிறுத்திட்டியா?" என்று நீ கேட்பது காதில் விழுந்த மாதிரியே இருந்தது.

கோபப்படாதே. கருவாட்டுக் குழம்பு வைத்தோம், முட்டை அவித்தோம், உளுந்து வடை சுட்டோம், உன் சுருட்டையும் மறக்காமல் வைத்தோம். என் வீட்டுக்காரி தைலம்மா விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. முயல்கறி மட்டும்தான் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் இப்போது என் காலடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை மென்றுகொண்டிருக்கிறது.

ஆமாம் மாப்ள, நம் வீட்டில் ஒரு முயல் வளர்கிறது. சிரிக்காதே. இந்தக் குரும்பலூர் கரிசலில் எந்தப் பொழுதுக்கு எந்த வரப்போரம் முயல் படுத்திருக்கும் என்று தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். ஒருவன் போய்விட்டான். இன்னொருவன் முயலுக்குக் கீரை பறித்துக்கொண்டிருக்கிறான்.

என் மகன் கலியனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நீ தூக்கி வளர்த்த பயல், மீசை வைத்துக்கொண்டு மாலையும் கழுத்துமாக நின்றான். நீ இல்லாத குறை பந்தலில் எனக்குத் தெரிந்தது. வருகிறவர்களையெல்லாம் கேலி பேசி உட்கார வைக்க ஆளில்லை. பெண் அரியலூர். பெயர் சரோஜா. அப்பா அங்கே ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன்.

பெண் பார்க்கப் போனபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போன தைலம்மா அங்கிருந்தே கூவினாள்: "ஏங்க, இங்க வந்து பாருங்க! எம்மாம் பெரிய மொசலு! வெள்ளையா, பூனை கணக்கா கெடக்கு. ஏங்க சம்பந்தி, எப்ப அறுக்கப் போறீங்க, கல்யாணத்துக்கா?"

அதுவரை தலையைக் குனிந்து நின்ற பெண் விருட்டென்று நிமிர்ந்தாள். "அது கறிக்கு இல்லைங்க. நான் வளக்குறது" என்றாள். அவள் குரலை நாங்கள் கேட்டது அப்போதுதான் முதல் தடவை.

பக்கத்து பங்களாவில் இருந்த துரைசானி கொடுத்துவிட்டுப் போன முயலாம். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்களே, அந்தத் துரைசானியும் கட்டிவிட்டாள். கப்பலில் முயலை ஏற்ற முடியாது என்று இவள் கையில் கொடுத்து, அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். "பேரு என்னம்மா?" என்று கேட்டேன். "சூசிங்க" என்றாள். நல்ல பேர் என்று தலையாட்டி வைத்தேன். அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "உங்க வூட்டுல நாயி இருக்குதுங்களா மாமா?"

கலியன் என் முகத்தைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். "இருக்கும்மா."

"வேட்டை நாயிங்களா?"

"இருந்துச்சும்மா. இப்ப சும்மா சோத்தத் தின்னுட்டுக் கெடக்கு."

"நான் வரேங்க. சூசியும் வரும். ஆனா அந்த நாயி ஒரு தடவ இது மேல வாய வச்சுட்டாலும், அன்னைக்கே அது வேற வூடு போயிடணும். இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் அரியலூருக்கே வந்துடுவோம்" என்றாள். அவள் அப்பா பதறிப்போய்ப் பெண்ணை அதட்டினார். நான்தான் தடுத்தேன். "வுடுங்க சம்பந்தி. புள்ள சரியாத்தான் சொல்லுது" என்றேன்.

தைலம்மா அதற்குள் ஏற்பாடே செய்துவிட்டாள். "வேப்பந்தட்டையில எந்தம்பி ஆட்டுப்பட்டிக்கு நாயி வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். அங்க அனுப்பிச்சுட்டாப் போச்சு." எல்லோரும் சிரித்தார்கள், தாம்பூலம் மாற்றினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

உனக்குத் தெரியாதா ஏன் என்று? நீ கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, பிள்ளை குட்டி இல்லை. உனக்குக் கொள்ளி வைத்தவன் நான். நீ எனக்கு விட்டுப் போனது ஒரு முயல் வலை, ஒரு செவலை நாய், அவ்வளவுதான். கடைசியில் மூச்சு இழுத்துக்கொண்டபோது என் கையைப் பிடித்துச் சொன்னாய்: "செவலை யாரு பேச்சும் கேக்க மாட்டான். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, பாத்துக்க." எனக்கு என்னடா தெரியும்? நீ 'சூ' என்று ஒரே ஒரு தடவை சொன்னால் பாய்ந்து போகிற நாய் என்று தெரியும். நீ போன பிறகு அதற்கு என் பேச்சு காற்றில் போகிற சருகு. 'வாடா' என்றால் வராது, 'போடா' என்றால் போகாது. வாசல் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டு தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருக்கும். நீ வருவாய் என்று நினைத்ததோ என்னவோ.

அந்த நாயையும் அனுப்பிவிட்டால் உன்னுடையது என்று இந்த ஊரில் எது மிச்சம்? அதனால் அன்றைக்கு அரியலூரிலிருந்து திரும்பி வரும்போதே ஒரு முடிவு செய்தேன். முயல் வாழ்கிற மாதிரி வீட்டைத் தயார் பண்ணுவது. நாயின் வாய்க்கு எட்டாதபடி பண்ணுவது. முயலைப் பற்றி எனக்குத் தெரியாததா?

மார்கழி முழுவதும் அதே வேலை. பெண் வீட்டிலிருந்து சரோஜா ஆள் மூலம் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தாள். வாசலில் இருக்கிற அரளியை வெட்டிவிட வேண்டுமாம், கடித்தால் முயல் செத்துவிடுமாம். வெட்டினேன். எலி பாஷாணம் வீட்டில் இருக்கக் கூடாதாம். தூக்கிப் போட்டேன். ஆமணக்கு மூட்டையைக் கீழே வைக்கக் கூடாதாம். பரணில் ஏற்றினேன். கண்டதையெல்லாம் கறும்புமாம். ஆகவே ஏர்க்கயிறு, முறம், பாய், ஈச்சங்கூடை, என் தோல் செருப்பு எல்லாம் மேலே போயின. முழங்காலுக்குக் கீழே இருந்த வீடு முழுவதும் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, மாப்ள. தைலம்மா ஒரு முறத்துக்காக எம்பி எம்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மருமவ வராளா, மகாராணி வராளா? மனுசனுக்கே அரிசி ரேஷன்ல அளந்து போடுறான். மொசலுக்கு முள்ளங்கி வேணுமாம்ல, முள்ளங்கி!" என்று நாளெல்லாம் புலம்பினாள். ஆனால் மறுநாள் பார்த்தால் கிணற்றடியில் அவளே முள்ளங்கி விதை ஊன்றிக்கொண்டிருந்தாள். "கொழம்புக்கு ஆவும்" என்றாள், நான் கேட்காமலே.

முயலுக்கு இடம் எங்கே? மாட்டுக் கொட்டாய்க்கு அடுத்த மூலையைத் தேர்ந்தெடுத்தேன். நிழல் உண்டு, காற்று உண்டு. நம் முயல் என்ன உயரம் தாவும் என்று எனக்குத் தெரியாதா? ஆளின் மார் உயரத்துக்குப் பனைமட்டையால் வேலி அடைத்தேன். உடைந்த பெரிய நெல்லுக் குதிர் ஒன்றைப் படுக்கப் போட்டு உள்ளே வரகு வைக்கோல் பரப்பினேன். கோடையில் குளிர்ச்சியாக இருக்கும். தண்ணீருக்குக் கல்தொட்டி, மண்சட்டி என்றால் கவிழ்த்துவிடும். தரை கெட்டி மண், நன்றாக மெழுகினேன்.

மேலே மூட என்ன செய்வது? காக்கை வரும், பூனை வரும் என்று பயம். யோசித்து யோசித்துக் கடைசியில் பரணிலிருந்து உன் வலையை இறக்கினேன். முயல் வலையை விரித்து முயலுக்குக் கூரை போட்டேன். விரிக்கும்போது உன் கை முடிச்சுகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டின. எத்தனை சாயங்காலம் இந்த வலையைச் சுருட்டியிருப்பேன்! பொழுது சாய்கிறபோது நீ எழுந்து, இடுப்பை நிமிர்த்தி, காட்டைப் பார்த்து, "போதும் மாப்ள. வூட்டுக்குப் போவலாம்" என்பாய். அதைக் கேட்டதும் நான் சுருட்ட ஆரம்பிப்பேன். அந்த நினைப்போடு வலையை வேலியின் மேல் இழுத்துக் கட்டினேன். அப்புறம் ஆணி அடித்தேன்.

வேலை முடிந்த சந்தோஷத்தில் தைலம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எப்புடி இருக்கு சூசிக்கு வூடு?" என்றேன்.

அவ்வளவுதான். மாதக்கணக்காகத் தலையைத் தூக்காமல் கிடந்த செவலை, எகிறிக் குதித்தது. காது இரண்டும் விறைத்து நின்றன. மூக்கை நீட்டிக்கொண்டு கொட்டாயைச் சுற்றி ஓடி, மாட்டுத்தொட்டியைத் தாண்டி, தைலம்மா கையிலிருந்த தவிட்டுக் கூடையைத் தட்டிவிட்டு, முயல் எங்கே முயல் எங்கே என்று தேடியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சூசி! அந்தப் பெயரின் தலையிலேயே 'சூ' இருக்கிறது. உலகத்திலேயே முயலுக்கு அப்படி ஒரு பெயர் வைத்தவள் அந்தத் துரைசானி ஒருத்திதான் இருப்பாள். ஆசையாகக் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த முயல் மேல் நாயை ஏவிவிடுகிற மாதிரி அல்லவா ஆகிவிடும்?

தைலம்மா தவிட்டுக்கு நடுவே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் நாயைப் பிடித்து வேப்பமரத்தடியில் முளை அடித்துக் கட்டினேன்.

பெயரை மாற்றச் சொல்லி கலியனை அரியலூருக்கு அனுப்பினேன். "வேற பேருல கூப்புட்டா அது வராதாம்ப்பா. நாயோட பழக்கத்த மாத்துங்கன்னு சொல்லுது" என்று திரும்பி வந்தான். சரி, மாற்றிப் பார்ப்போம் என்று, சோறு வைக்கும்போதெல்லாம் "சூசி" என்று சொல்லி வைத்தேன். பேர் கேட்டுப் பழகிவிட்டால் பாயாது என்பது என் கணக்கு. நடந்தது வேறு. சூசி என்றால் சாப்பாடு என்று நாய் எடுத்துக்கொண்டது. பெயரைச் சொன்னாலே வாயில் எச்சில் ஒழுக நின்றது. நீ இருந்திருந்தால் என்னை எத்தனை நாளைக்குக் கேலி பண்ணியிருப்பாய்!

தை மாதம் கல்யாணம் முடிந்து மருமகள் வந்தாள். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை, பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற கரி பஸ். பனையோலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்து, "என்னம்மா, கறிக்கா?" என்று கேட்டான். பெரம்பலூரில் இறங்கி மாட்டுவண்டி ஏறினோம். வண்டிக்காரரும் அதையே கேட்டார். ஊருக்குள் நுழைந்ததும் ஆரத்தி எடுத்த பக்கத்து வீட்டு அஞ்சலையும் அதையே கேட்டாள். சரோஜா என் பக்கம் திரும்பி, "மாமா, இந்த ஊருல மொசலப் பாத்தா வேற எதுவுமே தோணாதுங்களா?" என்றாள். மாமன் தின்ற முயலின் எண்ணிக்கை அவளுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று வண்டியிலிருந்து மூட்டையை இறக்கப் போனேன்.

வேப்பமரத்தடியில் முளைக்குச்சியில் கட்டியிருந்த நாயைப் பார்த்தாள். கொட்டாயைப் பார்த்தாள். கல்தொட்டி, குதிர், வலைக்கூரை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவும் நீங்களாங்க மாமா செஞ்சீங்க?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. முயலுக்குக் கண்ணி வைக்கத் தெரிந்த கைக்கு வீடு கட்டவும் வந்திருக்கிறதே!

சூவை வாயில் எடுக்கக் கூடாது என்று நிலைமையை விளக்கினேன். நல்ல பிள்ளை, புரிந்துகொண்டாள். முதல் எழுத்தை முழுங்கிவிட்டுக் கூப்பிடப் பழகினாள். அதாவது, கொல்லையில் நின்றுகொண்டு "சீ... சீ..." என்று கூப்பிடுவாள். முயல் வந்துவிடும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அஞ்சலைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும், சொல்லு? புதுமருமகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மாமியாரைப் பார்த்து 'சீ, சீ' என்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"ஏன்டி தைலம்மா, மருமவ வந்து ஒரு மாசங்கூட ஆவல, அதுக்குள்ள உன்ன இப்புடித் தூக்கியெறிஞ்சு பேசுதா?" என்று குளத்தங்கரையில் கேட்டிருக்கிறார்கள். தைலம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எம்மருமவ மொசலக் கூப்புடுது. உங்களுக்கு ஏன் வவுறு எரியுது?" என்று பதில் சண்டை போட்டுவிட்டு வந்தாள். மருமகளுக்காக அவள் போட்ட முதல் சண்டை. அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நான் செய்த ஒரு தப்பைத் தவிர.

நம் காட்டு முயல் குழி தோண்டி நீ பார்த்திருக்கிறாயா? நானும் பார்த்ததில்லை. செடி மறைவில் ஒரு பள்ளத்தில் படுக்கும், ஆள் அரவம் கேட்டால் தாவும். அதனால் நான் மேலே தாவுவதற்கு மட்டும் தடுப்பு போட்டேன். கீழே வெறும் மண். இது சீமை முயல் மாப்ள! சீமை முயலுக்குத் தாவத் தெரியாது, தோண்டத்தான் தெரியும். மார் உயர வேலிக்கு அடியில் ஒரு வளை தோண்டிக்கொண்டு, ஒரு நாள் மத்தியானம், அது பாட்டுக்குக் கடலைக்காட்டுப் பக்கம் கிளம்பிவிட்டது.

அலறல் கேட்டு நான் ஓடி வந்தபோது சரோஜா கொல்லைப்படலைத் திறந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் முழுங்க வேண்டியதை முழுங்க மறந்துவிட்டாள். "சூசி! சூசி! சூ... சூசி!" என்று காடு அதிரக் கத்தினாள். வேப்பமரத்தடியில் செவலை ஒரு உதறு உதறியது. முளைக்குச்சி மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கயிறும் குச்சியும் பின்னால் குதிக்க, பழைய செவலையாகப் பறந்தது. அந்த ஓட்டத்தைப் பார்த்து ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்றால் நீ மட்டும்தான் என்னைத் திட்டமாட்டாய். அடுத்த கணம் நானும் பின்னால் ஓடினேன்.

நம் முயல் என்றால் இந்நேரம் நாலு வளைவு வளைந்து அடுத்த ஊர் எல்லைக்குப் போயிருக்கும். இது ஓடக்கூட இல்லை. கடலைச்செடி நடுவே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தது. நாய் போன வேகத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. முன்னங்காலால் அமுக்கியது. கழுத்தில் வாயை வைத்தது.

"டேய், விடு! விடுடா!" என்று கத்தினேன். கேட்கவில்லை. கலியன் கழியோடு ஓடி வந்தான். அவனைப் பார்த்ததும் நாய் உறுமிக்கொண்டு பிடியை இறுக்கியது. சரோஜா "சூசி" என்றாள். இன்னும் இறுக்கியது. "அம்மாடி, பேரச் சொல்லாத!" என்று கத்தினேன். "அப்ப என்னன்னுதான் கூப்புடுறது!" என்று அவள் அழுதாள். நான் ஓடின ஓட்டத்தில் வரப்பு தடுக்கி அப்படியே மண்டிபோட்டு விழுந்தேன். நீட்டிய கைக்கு நாய் ஒரு முழம் எட்டவில்லை.

அது என்னைப் பார்க்கவே இல்லை, ரெங்கு. எனக்குப் பின்னால், நீ வழக்கமாக நிற்பாயே, அந்தப் பக்கம் பார்த்தது. வாயில் முயலை வைத்துக்கொண்டு, நீ வந்து வாங்கிக்கொள்வாய் என்று பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. முயல் போயிற்று, மருமகள் போயிற்று, நாயும் போயிற்று என்று தோன்றியது. ஒரு வருஷமாக அழாத அழுகை அப்போது வந்தது. உனக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியாது, வாயில் தானாக வந்துவிட்டது.

"போதும் மாப்ள. வூட்டுக்குப் போவலாம்."

செவலை வாயைத் திறந்தது.

அவ்வளவுதான், திறந்துவிட்டது. முயலைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு, காதை மடக்கி, வாலைத் தாழ்த்தி, என் பக்கத்தில் வந்து நின்றது. நின்று, வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டது. போகலாமா என்கிற மாதிரி. முயல் ஒரு தடவை உடம்பை உலுக்கியது. அப்புறம் விட்ட இடத்திலிருந்து கடலைச்செடியை மெல்ல ஆரம்பித்தது.

நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது வயதிலிருந்து எத்தனை சாயங்காலம் நீ அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! எனக்குத்தான் சொல்கிறாய் என்று ஒவ்வொரு தடவையும் வலையைச் சுருட்டினேனே. என் முகத்தைப் பார்த்து ஒரு நாளாவது சொன்னாயா? நினைத்துப் பார்த்தேன். நீ எப்போதும் காட்டைப் பார்த்துத்தான் சொல்வாய். காட்டில் யார் இருந்தார்கள்? முதலில் உன் கருப்பன், அப்புறம் மணி, அப்புறம் இந்தச் செவலை. அடப்பாவி, நீ மாப்ள மாப்ள என்று கூப்பிட்டது என்னையா, உன் நாய்களையா? "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சாகும்போது சொன்னது இதைத்தானா? எனக்கு எதிரில் தினமும் சொன்னாய். எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாய். நான் வலையைத்தான் சுருட்டினேன், வார்த்தையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

சரோஜா முயலைத் தூக்கிக் கழுத்து, காது, வயிறு எல்லாம் தடவிப் பார்த்தாள். காயம் இல்லை, எச்சில்தான். தைலம்மாவும் ஓடி வந்து சேர்ந்திருந்தாள்; நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். பேசின பேச்சு இருக்கிறதே. வேப்பந்தட்டைக்கு அனுப்புவோம் என்று முதலில் சொன்ன தைலம்மாவே செவலையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு விடாமல் நின்றாள்.

"மாமா," என்றாள் சரோஜா, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு. "ஒரு தடவ வாய வச்சா நாயி போயிடணும்னு சொன்னேன். வச்ச வாய எடுக்கும்னு எனக்குத் தெரியாதுல்லங்க. அது இங்கயே இருக்கட்டும். நீங்க சொன்னீங்கள்ல, அத எனக்கும் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தேன். "போதும் மாப்ள" என்று அவள் சொல்ல, தைலம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "பொம்பளப் புள்ள நாயப் போயி மாப்ளங்குறதா! ஊரு சிரிக்கும்டி."

"மாமாவுக்கு மாப்ளன்னா எனக்கு என்னங்க மொற வரும், அத்தை? அண்ணன்னா? அண்ணன்னு சொன்னா அது கேக்குமா?" என்று சரோஜா உண்மையாகவே கேட்டாள். முறை கண்டுபிடிக்க முடியாமல் நாங்கள் எல்லோரும் கடலைக்காட்டில் நின்று சிரித்தோம். சிரிக்கிற சாக்கில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாளே முயல் வீட்டுக்குத் தரையெல்லாம் பலகைக்கல் பாவினேன். இனி எந்தச் சீமைக்கும் அது வளை தோண்ட முடியாது. பெயரையும் சரோஜாவே மாற்றிவிடலாம் என்றாள். பெயர் வைத்தது யார் தெரியுமா? தைலம்மா. "ரெங்கு அண்ணன் நாயி, அண்ணன் வலை, அண்ணன் பேரே இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். ஆகவே முயலின் பெயர் இப்போது ரெங்கம்மா. முருங்கைக்கீரை கையில் இருந்தால் அது எந்தப் பெயருக்கும் வருகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. வெள்ளைக்காரன் கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவன் வீட்டுப் பெயர் நம் வீட்டை விட்டுப் போய்விட்டது. நீ தின்ற முயல்களெல்லாம் மேலே உன்னைச் சூழ்ந்துகொண்டு இப்போது சிரிக்குமே, என்ன பதில் சொல்லப் போகிறாய்?

இன்றைக்குப் படையல் வைத்துவிட்டு, ஒரு கவளத்தை இலையில் எடுத்துக் கொல்லைச் சுவரோரம் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டோம். நீயாவது, சொன்ன நேரத்துக்கு வருவதாவது? தொண்டை வறண்டதுதான் மிச்சம். யாரோ முயல் வீட்டுப் படலைத் திறந்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது; ரெங்கம்மா நிதானமாக நடந்து வந்து இலையின் ஓரத்தைக் கறும்ப ஆரம்பித்தது. கருவாட்டையும் முட்டையையும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கியது. கலியன் விரட்டப் போனான். தைலம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வுடுடா. அண்ணன் வந்துட்டாரு" என்றாள். செவலை கட்டு இல்லாமல்தான் நின்றது. பார்த்துக்கொண்டே நின்றது, ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

முயல்கறி அடுத்த வருஷமும் கிடைக்காது மாப்ள, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பதில் ஒரு வாக்குத் தருகிறேன். செவலை எங்கேயும் போகாது. அது இருக்கிற வரைக்கும், நான் இருக்கிற வரைக்கும், பொழுது சாய்கிற நேரத்தில் கடலைக்காட்டு வரப்பு வரை இரண்டு பேரும் நடந்து போவோம். காட்டைப் பார்த்து அந்த வார்த்தையை நான் சொல்வேன். இப்போது தினமும் சொல்கிறேன். சொன்னதும் அது திரும்புகிறது. நானும் திரும்புகிறேன். நீ யாருக்குச் சொன்னாய் என்று இனிமேல் கேட்க மாட்டேன். நீ சொன்னதும் அன்றைக்கும் நானும் நாயும் இரண்டு பேரும்தானே உன்னோடு வீட்டுக்கு வந்தோம்?

இப்படிக்கு,
உன் மாப்பிள்ளைகளில் இரண்டு காலில் நடக்கிறவன்,
நல்லதம்பி